ஏரிக்கு வேணும்னா பெரிய மீன் இல்ல, ஒரு நோட்டு

இந்த வாரம் மீனைப் பற்றிப் பேசப் போறோம். குழம்பு பற்றி இல்ல, தூண்டில் பற்றி.

எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போன மாசம் ஒரு வீடியோ சுத்துச்சு. அமெரிக்காவுல ஏதோ ஒரு ஏரி. ஒருத்தர் போட்ல உட்கார்ந்து, பத்து வயசுப் பையன் சைஸுக்கு ஒரு மீனை மடியில வெச்சிருக்கார். சாம்பல் நீலக் கலர், செதில் கிடையாது, வாயைச் சுத்தி மீசை. பக்கத்துல கைடு நின்னு போட்டோ எடுக்கறார். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து மீனைத் தண்ணியில திரும்ப விட்டுடறாங்க. அதுக்குக் கீழ ஒரு நண்பன், "நம்ம பெருமாள் ஏரியில இப்படி ஒண்ணு ஆரம்பிச்சா என்ன? போட், கைடு, தூண்டில், ஆளுக்கு ஆயிரம் ரூபாய்"னு போட்டான். உடனே இன்னொருத்தன், "அந்த மீன் குஞ்சை எங்கயாவது வாங்கி ஏரியில விட்டுட்டாப் போதும், அஞ்சு வருஷத்துல நாமதான் ராஜா"ன்னான். நாற்பது பேர் கைதட்டல் போட்டாங்க.

முதல் நண்பன் சொன்னது நல்ல யோசனை. ரெண்டாவது நண்பன் சொன்னது ஒரு ஏரியைக் காலி பண்ற யோசனை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்னைக்கு எபிசோடு.

கைடு எதை விக்கறார்?

வீடியோவுல வந்த மீனுக்குப் பேரு ப்ளூ கேட்ஃபிஷ். நம்ம கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். மிசிசிப்பி, மிசௌரி, ஒஹாயோ ஆறுகள்தான் அதுக்குப் பூர்வீகம். வட அமெரிக்காவோட கெளுத்தி வகைகள்லேயே பெருசு இதுதான். தூண்டில்ல பிடிச்ச உலக சாதனை 143 பவுண்டு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 65 கிலோ. 2011 ஜூன்ல, வர்ஜீனியா, வட கரோலினா எல்லையில இருக்கிற கெர் ஏரியில பிடிச்சது.

இந்த மீனுக்காகவே அங்க கைடு தொழில் நடக்குது. நீங்க சில நூறு டாலர் கட்டறீங்க. போட், தூண்டில், இரை எல்லாம் கைடு கொண்டு வருவார். தண்ணிக்கு அடியில என்ன இருக்குன்னு காட்டற சோனார் கருவி போட்ல இருக்கும். வெட்டின மீன் துண்டுதான் இரை. வட்டமா வளைஞ்ச தூண்டில் முள்ளைப் பயன்படுத்துவாங்க. அது வயித்துக்குள்ள போகாம, பெரும்பாலும் வாயோரத்துல மாட்டும். அதனால மீனை உயிரோட திரும்ப விடறது சுலபம்.

கெளுத்தி குடும்பத்துக்கே ஒரு விசேஷம் உண்டு. ருசி அறியற மொட்டுகள் அதுக்கு வாயில மட்டும் இல்ல, மீசையிலயும் இருக்கு, உடம்பு தோல் முழுக்கவும் இருக்கு. நீந்துற நாக்குன்னே வெச்சுக்கலாம். கலங்கல் தண்ணியில கண்ணு தெரியாட்டியும் இரை எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிடும். கைடோட திறமை இந்த இடத்துலதான். தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, பழைய ஆத்துப் பள்ளம் ஏரிக்கு அடியில எங்க போகுது, இந்த மாசம் மீன் ஆழத்துல இருக்குமா கரையோரம் வருமான்னு அவருக்குத் தெரியும். கருவியைக் காசு குடுத்தா யாரும் வாங்கலாம். இருபது வருஷமா ஒரே ஏரியைப் பார்த்த ஆளோட அறிவுக்குத்தான் நீங்க காசு குடுக்கறீங்க.

அந்த மீன் அங்க எப்படி வந்துச்சு?

வீடியோக்கள்ல சொல்லாத பகுதி இது. வர்ஜீனியா அந்த மீனோட ஊர் கிடையாது. 1970-கள்லயும் 80-கள்லயும் ஜேம்ஸ், ராப்பஹானக் மாதிரி ஆறுகள்ல அதைக் கொண்டு வந்து விட்டது மாநில அரசேதான். நோக்கம் நல்ல நோக்கம்: தூண்டில்காரங்களுக்குப் பெரிய மீன் கிடைக்கணும், ஊருக்கு வருமானம் வரணும். எங்க குரூப்புல வந்த அதே ஐடியா.

மீன் வளர்ந்துச்சு. அது நன்னீர் மீன், உப்புத் தண்ணி ஆகாது, ஆத்தோடயே நின்னுடும்னு நம்பினாங்க. ஆனா ஓரளவு உப்பை அது தாங்கும். ஆறு விட்டு ஆறு தாண்டி செசபீக் விரிகுடா முழுக்கப் பரவிடுச்சு. அங்க பேர் போன நீல நண்டு, பூர்வீக மீன்கள், எல்லாத்தையும் சாப்பிடுது. சில ஆத்துப் பகுதிகள்ல இருக்கிற மொத்த மீன் எடையில முக்கால்வாசி இந்த ஒரு மீன்தான்னு மதிப்பிட்டிருக்காங்க. இப்ப அரசாங்கமே "தயவுசெஞ்சு பிடிச்சுச் சாப்பிடுங்க"ன்னு பிரச்சாரம் பண்ணுது. இன்னொரு பக்கம் கைடுகள், "பெரிய மீனை வலை போட்டு அள்ளினா எங்க பொழப்பு என்ன ஆகும்?"னு கேக்கறாங்க. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா மீனைத் திரும்ப எடுக்க முடியாது. சாஃப்ட்வேர்ல தப்பான ரிலீஸ் போனா ரோல்பேக் பண்ணலாம். ஆத்துல விட்ட மீனுக்கு ரோல்பேக் கிடையாது.

"அது அமெரிக்கா, நம்ம ஊர்ல யாருப்பா அப்படிப் பண்றா?"ன்னு கேட்டா, ஆப்பிரிக்கக் கெளுத்தியை ஞாபகப்படுத்தறேன். அதை வளர்க்கக் கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டுப் பல வருஷம் ஆச்சு. கசாப்புக் கழிவைப் போட்டே வளர்க்கலாம், வேகமா எடை போடும்ங்கிறதுனால இன்னமும் திருட்டுத்தனமா வளர்க்கறாங்க. அதிகாரிகள் குட்டை குட்டையாப் போய் அழிக்கிற செய்தி தமிழ்நாட்டுல அடிக்கடி வருது. நம்ம கடலூர் மாவட்டத்துல குட்டைக்கு வரப்பு கட்டி, "மீன் உள்ளேயே இருக்கும்"னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. 2015 நவம்பரை நினைச்சுப் பாருங்க. அந்த மாதிரி ஒரு மழையில குட்டை, வாய்க்கால், ஏரி, ஆறு எல்லாம் ஒரே தண்ணி.

காவிரியில நடந்தது

நம்ம பக்கத்துலயே கைடு வெச்சுத் தூண்டில் போடற தொழில் ஒரு காலத்துல உலக அளவுல பேர் வாங்கி இருந்துச்சு. ஒகேனக்கலுக்கு மேல, கர்நாடகப் பக்கம் காவிரியில பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாகளின்னு மூணு முகாம்கள். பெங்களூருல 1972-ல தொடங்கின தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆத்துல ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பாதுகாத்துச்சு. பின்னால கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனமும் முகாம் நடத்துச்சு. எல்லாம் மசீர்ங்கிற மீனுக்காக. காவிரியில இருந்தது திமில் மசீர், முதுகு மேடு தூக்கின மாதிரி இருக்கும். 50 கிலோவுக்கு மேலயும் பிடிபட்டிருக்கு. வெள்ளைக்காரங்க விமானம் ஏறி வந்து, பரிசல்ல உட்கார்ந்து, கேழ்வரகு மாவு உருண்டையை முள்ளுல கோத்துப் போடுவாங்க. பிடிச்ச மீனை எடை பார்த்துட்டு விட்டுடணும், அதுதான் விதி.

கைடுகள் பெரும்பாலும் அந்தக் கரையோர ஊர்க்காரங்க. அதுல சிலர் முன்னாடி வெடி வெச்சு மீன் பிடிச்சவங்க. மீன் செத்தா ஒரு நாள் காசு, உயிரோட இருந்தா வருஷம் முழுக்கச் சம்பளம்னு ஆனதும், அவங்களே காவல்காரங்களா மாறினாங்க.

நான் இதைவிட முக்கியமா நினைக்கிற விஷயம் வேற. கலிபோர் முகாம்ல ஒரு நோட்டு இருந்துச்சு. யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்க, எந்த வகை மசீர் மாட்டுச்சு, எவ்வளவு எடைன்னு எழுதி வெச்சாங்க. சும்மா பெருமைக்காக எழுதினதாக்கூட இருக்கலாம். 1998-லிருந்து 2012 வரைக்கும் உள்ள அந்தக் கணக்கை விஞ்ஞானிகள் எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2015-ல வெளியிட்டாங்க. சுமார் 23,600 மணி நேரத் தூண்டில் வேலை, 6,100-க்கும் மேல மசீர்.

மேலோட்டமாப் பார்த்தா நல்ல செய்தி. வருஷத்துக்கு வருஷம் மாட்டற மீனோட எண்ணிக்கை ஏறுது. ஆனா உள்ள போய்ப் பார்த்தா, ஏறினது எல்லாம் நீலத் துடுப்பு மசீர். அது காவிரி மீனே இல்ல. மகாராஷ்டிரத்துல லோனாவாலா மீன் பண்ணையில பொரிச்ச குஞ்சுகளை, "மசீர் அழியுது, காப்பாத்தணும்"னு நல்ல எண்ணத்தோட கொண்டு வந்து விட்டிருந்தாங்க. காவிரிக்கே சொந்தமான திமில் மசீர் அதே காலத்துல சரிஞ்சு, கடைசி வருஷங்கள்ல கிட்டத்தட்டக் காணாமலே போயிடுச்சு. உலகமே பேர் சொல்லித் தேடி வந்த மீனுக்கு அதுவரைக்கும் முறையான அறிவியல் பேர் கூட உறுதி ஆகல. நம்ம மாயாற்றுல கிடைச்ச மீன்களை வெச்சு 2018-லதான் அது டோர் ரெமாதேவிங்கிற இனம்னு நிரூபிச்சாங்க. அதே வருஷம் அழிவின் விளிம்புல இருக்கிற இனம்னு ஐ.யு.சி.என். பட்டியல்ல சேர்ந்துச்சு.

வர்ஜீனியாவுல நீலக் கெளுத்தி, காவிரியில நீலத் துடுப்பு மசீர். ரெண்டு இடத்துலயும் மீனை விட்டவங்க கெட்டவங்க இல்ல, மீன் மேல ஆசை உள்ளவங்கதான். காவிரியில நடந்தது நமக்குத் தெரிய வந்ததுக்கு ஒரே காரணம் அந்த நோட்டு. சர்வர் எரியும்போது லாக் இல்லன்னா என்ன பாடுன்னு கோடு எழுதற நண்பர்களுக்குத் தெரியும். அந்த ஆத்துக்கு லாக் எழுதினது கைடுகளும் தூண்டில்காரங்களும்.

2012-ல முகாம்கள்ல தூண்டில் நின்னு போச்சு. அது காவிரி வனவிலங்குச் சரணாலயப் பகுதி, வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ள விளையாட்டு மீன்பிடிப்பு கூடாதுங்கிறது காரணம். சட்டம் சரியா தப்பான்னு இன்னும் வாதம் ஓடுது. தூண்டில் நின்னதோட நோட்டும் நின்னு போச்சு, இது மட்டும் நிச்சயம்.

நம்ம ஏரிக்கு வருவோம்

கலிபோர் தாண்டி வர்ற அதே காவிரித் தண்ணிதான் மேட்டூர், முக்கொம்பு, கொள்ளிடம், கீழணை, வடவாறுன்னு வந்து வீராணத்துல விழுது. சோழர் காலத்து ஏரி, 2004-லிருந்து சென்னைக்குக் குடிதண்ணி குடுக்குது. வேளச்சேரியில உட்கார்ந்து இதைக் கேக்கற நண்பரே, உங்க குழாய்ல வர்ற தண்ணியில கொஞ்சம் எங்க பக்கத்துத் தண்ணி.

பெருமாள் ஏரி கதை வேற. அது குறிஞ்சிப்பாடி தாலுகாவுல, பரவனாத்து வழியில இருக்கு. நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்கு அடியில நிலத்தடி நீர் பயங்கர அழுத்தத்தோட இருக்கு. அதை ராத்திரி பகலா இறைச்சு வெளியேத்தினாதான் சுரங்கம் வெள்ளத்துல மூழ்காம இருக்கும். அப்படி வெளியேறுற தண்ணியில ஒரு பங்கு வாலாஜா ஏரிக்கு வந்து, அங்கிருந்து பெருமாள் ஏரிக்கு வருது. அதனால மழை இல்லாத மாசத்துலயும் அதுல தண்ணி வரத்து இருக்கு. கூடவே வண்டலும் வந்து ஆழம் குறைஞ்சு போச்சுங்கிறது விவசாயிகள் வருஷக்கணக்காச் சொல்ற குறை.

இந்த மாதிரி ஏரிகள்ல என்ன மீன் இருக்கு? மார்க்கெட்ல "ஏரி மீன்"னு நாம வாங்கறதுல பெரும்பங்கு கட்லா, ரோகு, மிர்கால். மூணுமே வட இந்தியாவோட கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கறது. ஏரியில மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவாங்க, ஊர்ல மீன்பாசிக் குத்தகைன்னு சொல்வாங்க. எடுத்தவருக்குப் போட்ட காசு வரணும், அதுல தப்பே இல்ல.

ஆனா நமக்குன்னு சொந்தமா ஒரு பெரிய கெளுத்தி குடும்பத்து மீன் இருக்கு: வாளை. கடலூர்த் துறைமுகத்துல விக்கிற, ரிப்பன் மாதிரி வெள்ளிக் கலர் கடல் வாளை இல்ல, ஆத்து வாளை. செதில் இல்லாத நீள உடம்பு, காது வரைக்கும் கிழிஞ்ச மாதிரி வாய், உள்ள வரிசையாப் பல்லு. விட்டா ஒன்றரை மீட்டருக்கும் மேல வளரும். பகல்ல பள்ளத்துலயும் கரை ஓட்டையிலயும் பதுங்கிக் கிடந்து, இருட்டினதும் வேட்டைக்கு வரும். மழைக்காலத்துல புதுத்தண்ணி வந்ததும் வாய்க்கால் ஏறிப் போய் முட்டை போடும். பழைய தமிழ்ப் பாட்டுல வயல்வெளியைப் பாடணும்னா வாளை துள்ளியே ஆகணும், அவ்வளவு சாதாரணமா இருந்த மீன். இன்னைக்கு ஐ.யு.சி.என். பட்டியல்ல அது அழிவு அபாயத்துக்கு ஆளாகக்கூடிய இனம்.

மீன் வளர்ப்புல வாளைக்கும் விராலுக்கும் என்ன பேர் தெரியுமா? பகை மீன். குளத்துல குஞ்சு விடறதுக்கு முன்னாடி இலுப்பைப் புண்ணாக்கு போட்டு இதுகளை ஒழிச்சிடணும்னு கையேட்டுலயே இருக்கும். வளர்ப்புக் குளத்துக்கு அது சரி, குஞ்சைத் தின்னுட்டா நஷ்டம். ஏரியையும் அதே கண்ணால பார்த்தா, நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து பார்க்க வேண்டிய மீனை நாம களையாப் பார்க்கறோம்னு அர்த்தம்.

பெருமாள் ஏரியில இன்னைக்கு எத்தனை வாளை இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சா, பத்து வருஷம் கழிச்சு அது ஏறுதா இறங்குதான்னு சொல்ல முடியும். அமெரிக்க மீன் குஞ்சைத் தேடறதுக்கு முன்னாடி நாம பண்ண வேண்டிய வேலை அது.

சரி, டிரிப் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். எங்க தாலுகாவுலதான் வடலூர் இருக்கு. 1867-ல வள்ளலார் தருமசாலை தொடங்கின மண். பசிக்கு மீன் பிடிக்கிறதையே ஏத்துக்காத மரபு ஒண்ணு இங்க இருக்கு. விளையாட்டுக்கு முள்ளு மாட்டி, போட்டோ எடுத்து, திரும்ப விடறதை அந்த மண்ணுல எப்படி நியாயப்படுத்துவேன்னு ஒரு பெரியவர் கேட்டா, "மீனுக்கு ஒண்ணும் ஆகாது சார்"னு என்னால சாதாரணமாச் சொல்லிட முடியாது. ஆழத்துலிருந்து இழுத்த மீன், வெயில்ல ரொம்ப நேரம் தூக்கிப் பிடிச்ச மீன், விட்ட பிறகு செத்துப் போறது உண்டு.

அதனால என் யோசனை தூண்டில் இல்லாத டிரிப். ஏரியில ஏற்கெனவே தினமும் மீன் பிடிக்கறாங்க. விடியற்காலையில வலை எடுக்கப் போறவங்களோட, குத்தகைக்காரர் சம்மதத்தோட, லைஃப் ஜாக்கெட் போட்டு ரெண்டு பேர் போகலாம். அவங்கதான் கைடு. எந்த மதகுகிட்ட எந்த மாசம் என்ன மாட்டும், புதுத்தண்ணி வந்தா மீன் எப்படி நடந்துக்கும்னு அவங்க சொல்லச் சொல்லக் கேக்கலாம். நீங்க கட்டற காசு அவங்க கைக்கு நேராப் போகணும். அதுக்குப் பதிலா நீங்க செய்யற வேலை ஒண்ணே ஒண்ணு: வலையில வந்த ஒவ்வொரு வகைக்கும் பேர், நீளம், தேதி, ஒரு போட்டோ. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்ல போட்டா உலகத்துல எந்த விஞ்ஞானியும் பார்க்கலாம். மீசை நாலு ஜோடி, முதுகுத் துடுப்பு வால் வரைக்கும் ஓடுற தடிச்ச கெளுத்தி மாட்டினா அது ஆப்பிரிக்கக் கெளுத்தியா இருக்கலாம். மீன்வளத் துறைக்குச் சொல்லுங்க. அடையாளத்தை உறுதி பண்ணிக்கறது முக்கியம், ஏன்னா நம்ம நாட்டுக் கெளுத்தி ஒண்ணும் பார்க்க ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

வாளை மாட்டினா? அது மீனவரோட மீன், அவர் விக்கட்டும். விக்காதீங்கன்னு சொல்ல நமக்கு உரிமை இல்ல. ஆனா ஒரு வாளையை எடைக்கு வித்தா சில நூறு ரூபாய்தான், அதைக் காட்டறதுக்காக வாரா வாரம் ஆள் வந்தா அதைவிடக் கூட வரும்னு ஒரு நாள் அவருக்கே கணக்கு புரிஞ்சா, கலிபோர்ல நடந்தது இங்கயும் நடக்கலாம்.

எங்க குரூப்புல இப்ப அஞ்சு பேர் பேர் குடுத்திருக்காங்க. குஞ்சு வாங்கலாம்னு சொன்ன நண்பனும் அதுல ஒருத்தன், எக்செல் ஷீட் போடற பொறுப்பு அவனுக்கு. ஐப்பசி மழை ஆரம்பிக்கும்போது முதல் தடவை போறதா இருக்கோம்.

உங்க ஊர் ஏரியில என்ன மீன் இருக்கு, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேருன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் தெரியலன்னா வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டுட்டு அனுப்புங்க. வர்றதை எல்லாம் தொகுத்து ஒரு எபிசோடு பண்ணிடலாம்.